ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?

அப்பாவின் வீட்டைக் காலி செய்ய நானும் அண்ணன் ரின்சேயும் ஒரு வியாழக்கிழமை மதியம் டெல்ஃப்சைல் ஊருக்குப் போனோம். கதவைத் திறந்ததும் பச்சை வெங்காயமும் ஹெரிங் மீனுமாக வாடை அடித்தது. அப்பா போய் மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது.

"பக்கத்து வீட்டுல யாரோ சாப்பிடறாங்க," என்றான் அண்ணன். பக்கத்து வீட்டில் ஆளே இல்லை.

டச்சுக்காரர்கள் நாங்கள். பெற்றவர்களைப் பார்க்கவும் முன்கூட்டியே நாளும் நேரமும் கேட்டுக்கொண்டுதான் போவோம். சாவுக்கும் அப்படித்தான் நாள் குறித்தோம். அப்பாவுக்கு எலும்பில் புற்றுநோய். போதும், ஊசி போட்டு அனுப்பி வையுங்கள் என்று அவரேதான் கேட்டார். சட்டம் ஒப்புக்கொண்டது. டாக்டர் கேர்டா வியாழன் இரண்டு மணி என்றார். அப்பா கேட்டதில் தப்பே இல்லை. வலியில் அவர் அலறியதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு நாள் குறித்த அந்த வியாழன் காலை, காபி குடித்துக்கொண்டே அப்பா மெல்லக் கேட்டார்.

"இந்த வருஷத்துப் புது ஹெரிங் அடுத்த வாரம் வந்துடுமாம். ஒரு வாரம் தள்ளிப் போடலாமா?"

"ஒரு மீனுக்காகவாப்பா? எல்லாரும் லீவு போட்டாச்சு. அத்தை கனடாவுலேருந்து வந்து உக்காந்திருக்காங்க," என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். நான் வாயே திறக்காமல் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன், பாவி.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். கடைசி முறையாக அப்பாவின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்களை வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் வீடு காலி செய்ய வந்த அன்றும் மணி இரண்டு.

வாசல்மணி அடித்தது. அண்ணன் போய்த் திறந்தான்.

யாருமில்லை.

ஆனால் காலடிச் சத்தம் மட்டும் எங்களைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனது. கட்டில் கிறீச்சிட்டது.

"வுப்போ, இது உங்க விருப்பந்தானா?"

டாக்டரின் குரல், அப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டது. அந்த நேரத்தில் அவர் தன் கிளினிக்கில் இருந்தார். பிறகு விசாரித்துவிட்டேன்.

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. அப்புறம் அப்பா தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களே. இப்பப் போய் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

"சொல்லுங்கப்பா! வேண்டாம்னு சொல்லுங்க!" நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வெறும் கட்டில்.

"ஆமா டாக்டர்," என்றது அப்பாவின் குரல், மரியாதையாக.

அண்ணன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. தூங்குவதும் இல்லை என்று அண்ணி சொல்கிறாள். வீடு இன்னும் விற்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் நான் போய் அந்தக் கட்டிலருகே நின்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஆமா என்றுதான் சொல்கிறார்.

போன வியாழன் மட்டும் என் பக்கம் திரும்பியதுபோலக் குரல் காதருகே வந்தது.

"சத்தம் போடாதேம்மா. டாக்டர் என்ன நினைப்பாங்க?"