இலுப்பை மரத்தில் விட்ட வாள்

பொதிகை மலையின் அடிவாரத்திலே, கதிரவன் மேற்கு முகடுகளுக்கு அப்பால் இறங்கிவிட, முழுநிலவு மூங்கில் காட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், காவி உடுத்த யாத்திரிகன் ஒருவன் தவச்சாலை வாசலிலிருந்த இலுப்பை மரத்தடியில் தயங்கி நின்றான். அன்பார்ந்த வாசகர்களே, உடையைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்! இவன் குன்றையூர்க் கோட்டையின் மெய்க்காவல் தலைவனாயிருந்த விடங்கன். கோட்டை விழுந்த அன்று அரசனைக் கைவிட்டு, வென்ற கொங்கரையனிடம் உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டவன். தப்பிய இளவரசி பூதிநங்கை இங்கே ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்ட கொங்கரையன், அவள் கதையை முடித்துவர இவனையே அனுப்பியிருந்தான். ஒரு காலத்தில் அவளை மணக்கவிருந்தவனும் இவனேதான்! இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் காறித் துப்பலாம்; வழிநெடுக அவனும் தன்னை அப்படித்தான் ஏசிக்கொண்டு வந்தான்.

அத்தவச்சாலைக்குக் காவலர் கிடையாது. வருபவர் தம் ஆயுதத்தைத் தாமே இலுப்பைக் கிளையில் மாட்டிவிட்டு உள்ளே போகவேண்டும், யாரும் சோதிப்பதில்லை. விடங்கன் வழித்துணைக்குக் கொண்டுவந்த வாளை மாட்டினான். இடுப்பில் செருகியிருந்த குறுவாளை மாட்டவில்லை.

"வாரும் ஐயா, வாரும்!" என்று முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார் முதிய துறவி. "சுனையில் நீராடி வாரும். மாற்றுத் துணி கரையில் இருக்கும். உம் துணியை அங்கேயே போட்டுவிடும். இங்கே விருந்தினர் துணியை நாங்கள்தான் துவைப்போம்."

கோட்டையில் அழுக்குத் துணி மறுநாள் விடிந்த பிறகுதான் துவைக்கத் துறைக்குப் போகும். இங்கும் அப்படித்தான் என்று எண்ணிய விடங்கன், குறுவாளைத் துணிக்குள் சுருட்டிக் கரைப்பாறையில் வைத்துவிட்டு நீரில் இறங்கினான். மூழ்கி எழுந்து, மாற்றுத் துணியை உடுத்திக்கொண்டு திரும்பினால், பாறையில் துணியைக் காணோம்! ஈரம் போகத் துடைத்த குறுவாள் மட்டும் நிலவொளியில் கிடந்தது.

ஐயோ, அவன் முகத்தில் ஈயாடவில்லை. சற்றுத் தள்ளி, ஓர் அணிகலனும் இல்லாத பெண்ணொருத்தி அவன் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்ததும் அவன் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டான்.

"தேவி..."

"இந்தக் குறுவாளின் பிடியில் மயில் செதுக்கச் சொல்லித் தங்களுக்குக் கொடுத்தவள் நான்தானே, தளபதியாரே? எனக்கா மறந்துபோகும்?" என்றாள் பூதிநங்கை. அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

"நான் எதற்காக வந்தேன் என்று..."

"தெரியாமல் என்ன? ஆற்றுக்கு அக்கரையில் குதிரைகள் கனைக்கின்றனவே!"

"தெரிந்துமா இதைத் திருப்பி வைத்தீர்கள்? சுனையில் வீசியிருக்கலாமே! கூவி ஆட்களை அழைத்திருக்கலாமே!"

"விருந்தினர் பொருளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்று சொல்லி, துணியை உதறி மடித்து அவனிடம் நீட்டினாள். "கஞ்சி ஆறுகிறது. சாப்பிட வாருங்கள்."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கூனிக் குறுகி ஈரத்துணியை வாங்கிக்கொண்டான். இந்தக் கைக்கா இவள் சோறிடுவது? அவன் விடுவிடென்று வாசலுக்கு நடந்தான், அவளும் பின்தொடர்ந்தாள். குறுவாளைத் தன் வாளுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, இலுப்பை மரத்தின் மேல் கைவைத்தான்.

"இந்த மரம் சாட்சி, தேவி! இனி என் கை ஆயுதம் தொடாது. அக்கரையில் நிற்கும் குதிரைவீரர்களை இங்கிருந்து அப்புறப்படுத்துவது என் பொறுப்பு. சாவதற்குள் ஒருநாள் மீண்டும் வருவேன். அன்று தாங்கள் துவைக்கும் துணியில் எதுவும் ஒளிந்திருக்காது."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்காமலே ஆற்றை நோக்கி நடந்தான்.

ஆற்றைக் கடந்ததும் குதிரைவீரர் தலைவன் ஓடி வந்தான். "என்னவாயிற்று? இளவரசி அகப்பட்டாளா?"

"போன மாரியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாளாம். எரித்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். கிளம்புங்கள், அரசரிடம் சொல்வோம்."

தலைவன் நிம்மதியாகக் குதிரையைத் திருப்பினான். பிறகு ஏதோ உறுத்தியவனாய், "அதென்ன, தோளில் ஈரத்துணி?" என்றான்.

"துவைத்துக் கொடுத்தார்கள்" என்றான் விடங்கன்.