பதினேழாம் தேதி ஊசி

"ஐயோ... இயேசுவே!"

காலை ஏழு மணிக்கு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோடு முழுக்க அந்த அலறல் கேட்டது.

அலறியவள் நர்ஸ் ரோசம்மாள். ஊசி போடும் சின்ன டிஸ்பென்சரியின் கதவைத் திறந்தவள், திறந்த வேகத்திலேயே தெருவுக்கு ஓடி வந்துவிட்டாள்.

உள்ளே...

மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் சுப்பிரமணி. அம்மை குத்துவதும், காலரா ஊசி போடுவதும், போட்டதற்கு சர்டிபிகேட் எழுதிக் கொடுப்பதும் அவர் உத்தியோகம். இப்போது பின்மண்டை பிளந்திருந்தது. ஊசி வேகவைக்கும் பித்தளை ஸ்டவ், ரத்தக் கறையோடு காலடியில் உருண்டு கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஜூலை இருபத்திரண்டு. புதன்கிழமை.

எட்டு மணிக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் வீரராகவன் இறங்கினார். பின்னால், பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே கான்ஸ்டபிள் முனுசாமி.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு சார்! நான் ஊட்டுக்குப் போவசொல்ல நல்லாத்தான் இருந்தாரு. பின்னாடி ரூம்லதான் தங்கிக்கினு இருந்தாரு. தனி ஆளு."

கைக்கடிகாரம் கையிலேயே இருந்தது. சட்டைப் பையில் பர்ஸ் இருந்தது.

"வேற ஏதாவது காணோமா?"

ரோசம்மாள் மேஜை இழுப்பறையைப் பார்த்தாள். மூஞ்சி வெளுத்தது.

"ரப்பர் ஸ்டாம்பு காணோம் சார்! காலரா சர்டிபிகேட் புஸ்தகமும் காணோம்!"

"ஸ்டாம்புக்காகவா ஒரு ஆளைக் கொல்லுவாங்க?" முனுசாமி வாயைப் பிளந்தார்.

"நாளைக்கு மலேயா கப்பல் கிளம்புது முனுசாமி. ஆகஸ்டு ஒண்ணாம் தேதியிலேர்ந்து அங்கே புதுச் சட்டம். புது ஆளை லேசுல உள்ளே விடமாட்டான். இதுதான் கடைசிக் கப்பல். ஸ்டாம்புக்குக் கொல்லவும் செய்வான்... கொலைக்கு மேலேயும் செய்வான்!"

வீரராகவன் குனிந்தார். செத்தவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் வாடிய வேப்பிலை.

"இது என்ன?"

"பெரியபாளையத்தம்மன் காப்பு சார். ஆடி பொறந்தா கட்டிப்பாரு. ஊருக்கெல்லாம் அம்மை குத்துவாரு, ஆனா அம்மன்னா அவ்ளோ பயம்!"

"ம்..." நோட்டில் எழுதிக்கொண்டார். "இவர்கூட யாருக்காவது தகராறு?"

ரோசம்மாள் தயங்கினாள். தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னாள்.

"நூர் அகமது. பழவேற்காட்டு ஆளு. சனிக்கிழமை வந்து ஊசி போட்டுக்கினாரு. ஊசி போட்டு ஆறு நாள் ஆனாத்தான் கப்பல்ல ஏத்துவாங்க. கப்பல் அன்னிக்கு இவருக்கு அஞ்சு நாள்தான் ஆவுது. ஒரு நாள் முன்தேதி போடுங்கன்னு கெஞ்சினாரு. ஐயா முடியாதுன்னுட்டாரு. 'உன் கைய ஒடைக்கிறேன் பாரு'ன்னு கத்திட்டுப் போனாரு சார்..."

"நீங்களும் ஜீப்ல ஏறுங்கம்மா. ஸ்டாம்பு கிடைச்சா அடையாளம் சொல்ல ஆள் வேணும்."

ஜீப் பறந்தது!

* * *

பழவேற்காட்டில் நூர் அகமதுவின் வீடு ரயில்வே பார்சல் ஆபீஸ் போல இருந்தது. தகரப் பெட்டி. சுருட்டிய பாய். கப்பல் தளத்தில் படுக்கப் போர்வை. எட்டு நாளைக்கு அவல், கருவாடு, ஊறுகாய் ஜாடி. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக மனைவி மெஹர்னிசா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நூர் அகமது உட்காரவேயில்லை. பாஸ்போர்ட்டை எடுப்பான், பார்ப்பான், வைப்பான். மறுபடி எடுப்பான்.

இருக்காதா பின்னே? பினாங்கில் மாமா ஹபிபுல்லாவின் ஜவுளிக் கடை. மாமா படுத்த படுக்கை. இவன் போனால் கடை இருக்கும். இல்லையென்றால் பூட்டுதான்.

பூட்ஸ் சத்தம் கேட்டது.

"நூர் அகமது யாரு?"

"நான்தான் சார்."

"சர்டிபிகேட்டைக் காட்டு."

நூர் அகமது பாஸ்போர்ட்டுக்குள் கை விட்டான். மடித்த காகிதத்தை நீட்டினான். வீரராகவன் பிரித்தார்.

தேதி... ஜூலை பதினேழு! வெள்ளிக்கிழமை! கீழே காணாமல் போன அதே ஸ்டாம்பு!

"எப்போ ஊசி போட்டே?"

"வெள்ளிக்கிழமை சார்."

"பொய்! சனிக்கிழமை போட்டதுக்கு நர்ஸ் சாட்சி. சுப்பிரமணியை நேத்து சாயங்காலம் யாரோ கொன்னுட்டாங்க. அவர் ஸ்டாம்பு திருடு போயிருக்கு. அந்த ஸ்டாம்பு உன் காகிதத்துல இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"கொன்னுட்டாங்களா?" நூர் அகமது சுவரைப் பிடித்துக்கொண்டான். "அல்லா... நான் இல்ல சார்!"

"அப்போ இதை யார் கொடுத்தது?"

நூர் அகமது மெஹர்னிசாவைப் பார்த்தான்.

பாவம், அவன் நிலைமையைப் பாருங்கள்! காகிதம் போலி என்று சொன்னால் கப்பல் போச்சு. உண்மை என்று சொன்னால் உயிர் போச்சு. மனுஷன் எதைச் சொல்வான்?

"வெள்ளிக்கிழமை... போட்டாரு சார்."

"முனுசாமி! விலங்கு!"

"இருங்க!"

மெஹர்னிசா பெட்டியைக் கவிழ்த்தாள். துணிகள், ஜாடி, போர்வை எல்லாம் சிதறின. அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"இதுதான் சார் நெசம்! சனிக்கிழமை ஐயா எழுதிக் குடுத்தது. இவரு கோவத்துல தூக்கிப் போட்டுட்டாரு, நான் எடுத்து வெச்சேன். உங்க கையில இருக்குறது புதுவாயல் துளசிராமன் நேத்து ராவு குடுத்தது!"

"மெஹரு! வாய மூடு! கப்பல்..."

"கப்பலு போனா போவுதுங்க!" அவள் வெடித்தாள். "பினாங்கு எங்கயும் ஓடிடாது. நீங்க தூக்குல போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

நூர் அகமது தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு காகிதங்களையும் இன்ஸ்பெக்டர் பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் ஜீப்ல ஏறுங்க!"

* * *

புதுவாயல் கூட்டு ரோடு.

'துளசிராமன். கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட், போட்டோ.' வாசலில் போர்டு. உள்ளே கறுப்புத் துணி போர்த்திய பெரிய கேமரா. அதன் மேலே இன்னொரு போர்டு: 'பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது. கவர்மெண்ட் உத்தரவு.'

மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு வீரராகவனும் முனுசாமியும் உள்ளே நுழைந்தார்கள். துளசிராமன் எழுந்தார். ஜிப்பா, ஜவ்வாது மணம், வாய் நிறைய வெற்றிலை.

"வாங்க நைனா, வாங்க! சுப்பிரமணி சார் சமாச்சாரம் கேள்விப்பட்டேன். மனசே ஆறலை. தங்கமான மனுஷன்!"

"நூர் அகமதுவுக்கு நீங்கதான் சர்டிபிகேட் கொடுத்தீங்களாமே?"

ஒரே ஒரு விநாடி வெற்றிலை மெல்லுவது நின்றது. பிறகு ஓடியது.

"நான் வாங்கி வெச்சிருந்தேன், குடுத்தேன். சுப்பிரமணி சாரே இங்க வந்து ஊசி போட்டாரு சார். ஆறு பேருக்கு!"

"என்னைக்கு?"

"பதினேழாம் தேதி." துளசிராமன் சுவரைக் காட்டினார். கப்பல் படம் போட்ட காலண்டர். இங்கிலீஷ் தேதி மட்டும் போட்டது. பதினேழைச் சுற்றி சிவப்பு வட்டம், இருபத்து மூன்றைச் சுற்றி இன்னொன்று. "சரியா ஆறு நாளு!"

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இன்னா சார் அப்படிக் கேட்டுட்டீங்க? இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு! ஸ்டவ்வு பத்தவெச்சாரு. ஊசிய வேகவெச்சாரு. ஆறு கையிலயும் குத்தினாரு. கோழிக்கறி சாப்பாடு போட்டேன். வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு!"

"கோழிக்கறியா?"

"ஆமா நைனா. அவருக்கு கோழின்னா உசுரு!"

வீரராகவன் சிரித்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

"ரோசம்மா! உள்ளே வாங்க. பதினேழாம் தேதி சுப்பிரமணி எங்கே இருந்தாரு?"

"பெரியபாளையத்துல சார்! அன்னிக்கு ஆடி மொத வெள்ளி. வேப்பிலை கட்டிக்கினு கோயிலைச் சுத்தி வந்தாரு. ஆடி வெள்ளின்னா லீவுதான். காலரா வந்தாலும் சரி, கவர்னரே வந்தாலும் சரி, அன்னிக்கு அவரு ஊசிய தொடவே மாட்டாரு! வர்றவங்களுக்கு நான்தான் போடுவேன்."

"ஆடி மாசம் பூரா கறி?"

"மோந்துகூட பார்க்கமாட்டாரு!"

துளசிராமனின் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு ஜிப்பாவில் வழிந்தது.

"ஊர் பூரா அன்னைக்குக் கூழ் ஊத்தியிருக்கு துளசிராமன். உங்க வீட்டு அம்மாகூட ஊத்தியிருப்பாங்க. நீங்க மட்டும் கப்பல் காலண்டரைப் பார்த்து ஆறு நாள் எண்ணியிருக்கீங்க!"

"சார்... தேதி மறந்து..."

"ஸ்டாம்பு எங்கே?"

"எனக்கு இன்னா சார் தெரியும்?"

முனுசாமி இதற்குள் கேமராப் பக்கம் போயிருந்தார். ரொம்ப நாள் ஆசை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"சார்! ஒண்ணுமே தெரியல சார்! உள்ள இன்னாவோ அடைச்சிக்கினு கீது!"

கையை விட்டார். ஒரு புத்தகம் வந்தது. அதற்குள்ளிருந்து, மையோடு, ரப்பர் ஸ்டாம்பு விழுந்தது!

"அதேதான் சார்! ஐயாவோட ஸ்டாம்பு!" ரோசம்மாள் அழுதேவிட்டாள்.

துளசிராமன் பின்வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே, வெளியிலிருந்து சுற்றி வந்த நூர் அகமது நின்றான். ஆளைப் பிடித்து ஒரே தள்ளு! நாற்காலியோடு போய் விழுந்தார் ஏஜண்ட்.

"முன்தேதி போட மாட்டேன்னான்..." துளசிராமன் கீழே கிடந்தபடியே இரைந்தார். "போடலைன்னா ஆறு பேரும் என் சட்டையப் பிடிப்பானுங்க! அது பத்தாதுன்னு மேலிடத்துக்கு எழுதிடுவேன்னு சொல்லிட்டுத் திரும்பினான். கைக்கு ஸ்டவ்வு வந்துச்சு..."

கிளிக்! விலங்கு பூட்டப்பட்டது.

* * *

எல்லாம் முடிந்தது. நூர் அகமதுவுக்கு மட்டும் முடியவில்லை.

"நாளைக்குக் கப்பல் சார்..." இன்ஸ்பெக்டரின் பையையே பார்த்தான். "போலிய நீங்க எடுத்துக்கினீங்க. நெசத்துக்கு ஒரு நாள் பத்தல. ஒரே ஒரு நாள் சார்! அந்த மனுஷன் நெனச்சிருந்தா..."

வீரராகவன் பையிலிருந்து சனிக்கிழமை சர்டிபிகேட்டை எடுத்தார். பார்த்தார். திருப்பினார். அப்படியே நின்றார்.

"நூர் அகமது. இதோட பின்பக்கம் படிச்சியா?"

"இல்ல சார். கோவத்துல..."

"படி."

பின்பக்கம் பென்சிலில் நாலே வரி.

'தம்பி, தேதியை மாற்றி எழுதக் கூடாது. கப்பல் சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றும். ரயிலில் போய் அங்கே ஏறு. ஆறு நாள் தாண்டியிருக்கும். முப்பத்தொன்றாம் தேதி பினாங்கு. கோபப்படாதே. சுப்பிரமணி.'

நூர் அகமது இரண்டு தடவை படித்தான். பிறகு காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

"அந்தக் கையையா ஒடைக்கிறேன்னு சொன்னேன்..."

மெஹர்னிசா பக்கத்தில் வந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "ஊறுகா ஜாடி ஒடஞ்சிடுச்சி சார். வேற வாங்கணும். ஜீப்பு பொன்னேரி வழியாத்தான போவும்?"

"முதல்ல வாக்குமூலம் எழுதிக் கொடுங்கம்மா. கோர்ட்டுல சாட்சி சொல்ல, போலி வாங்கின மிச்ச அஞ்சு பேர் இருக்காங்க. அப்புறம் ஜாடி, அப்புறம் நாகப்பட்டினம் ரயில்!"

துளசிராமன் மூலையில் விலங்கோடு நின்றார்.

"கேஸ் கட்டுக்கு இவரோட போட்டோ ஒண்ணு வேணும், முனுசாமி."

முனுசாமிக்கு முகமெல்லாம் பல்! கேமராவைத் துளசிராமன் பக்கம் திருப்பினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நேரா பாரு நைனா! சிரிக்கக் கூடாது... கவர்மெண்டு உத்தரவு!"