பிரேக்கில் காற்று

லாரியில் ஒரு உருளைக்கிழங்குகூட இல்லை. ஆனாலும் சேனாதிபதி காலையில் மாட்டிய, பாரம் தாங்கும் புதுக் கமான் பட்டைகள், அறுபது மூட்டை ஏற்றியதுபோல் வளைவு தட்டையாகி அமுங்கிக் கிடந்தன.

"களவாணிப்பய. இத்துப்போன இரும்பைக் குடுத்திருக்கான்" என்று திண்டுக்கல் பட்டறைக்காரனை நினைத்துக் காறித் துப்பினான். தன்னைத் தவிர வேறு எவனுக்கும் தொழில் தெரியாது என்பது அவன் முடிவு. அதனால்தான் மெக்கானிக் எவனையும் அண்டவிடாமல், மன்னவனூரில் தன் வீட்டு வாசலிலேயே லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி அச்சுக்கடியில் கட்டை கொடுத்து நிறுத்தி, கூடுதல் பட்டை போட்டு, பிரேக்கையும் புதுசாக்கிக்கொண்டிருந்தான். இன்னும் இருபது மூட்டை சேர்த்து ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

எண்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. மத்தியானம்தான். ஆனால் மூடுபனி முட்டைக்கோஸ் காட்டைத் தாண்டி வந்து வேலியை விழுங்கி, லாரியின் மூக்குவரை ஏறியிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே லாரியைச் சுந்தரராஜ் ஓட்டினான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவன். புறப்படும்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "தொரை, பிரேக் பிடிக்குதில்ல. காத்து ஏறிப்போச்சு" என்றான்.

"காலுல வலுவில்லாத பயலுக்கு எந்தப் பிரேக்கும் பிடிக்காது. போடா" என்று சிரித்தான் சேனாதிபதி.

பூம்பாறைக்குக் கீழே ஒரு செம்மண் வளைவில் லாரி கவிழ்ந்து சுந்தரராஜ் செத்தான். சேனாதிபதி அங்கே போனது உண்மைதான். லாரியைத் தூக்கப் போனான். பிணத்தைப் பார்க்கவில்லை.

"காளியாயி! ஏறி உக்காரு. மிதின்னா மிதி, விடுன்னா விடு. அது போதும், உனக்கு இருக்குற புத்திக்கு."

அவன் மனைவி கேபினில் ஏறிப் பெடலில் கால் வைத்தாள். சேனாதிபதி மல்லாந்து வண்டிக்கடியில் நகர்ந்து, பின் சக்கரத்தருகே பிரேக் குழாயின் திருகைத் தளர்த்தி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டான். மிதிக்கும்போது எண்ணெயோடு குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

"மிதி."

மேலே பெடல் முனகியது. பாட்டிலுக்குள் குமிழிகள் பொங்கின.

"விடு. மிதி. விடு."

பத்துத் தடவை. இருபது தடவை. குமிழி குறையவே இல்லை. தலைக்கு மேலே, வெறும் பலகையில், கிழங்கு உருளுவதுபோல் ஏதோ மெதுவாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனது. எலியாக இருக்கும் என்று நினைத்தான். அப்புறம் கருகிய லைனிங் வாடை வந்தது. மலையிறக்கத்தில் மிதித்து மிதித்துச் சூடேறிய பிரேக்கின் வாடை. கை வைத்துப் பார்த்தான். பிரேக் டிரம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது.

"நல்லா அழுத்தி மிதிடி! சோறு திங்கிறேல்ல?"

பெடல் தரைவரை போனது. அதே நேரம் வீட்டின் பின்புறமிருந்து, அடுப்படியிலிருந்து, காளியாயியின் குரல் கேட்டது.

"ஏங்க, பால் பொங்கிருச்சுன்னு அப்பவே எறங்கி வந்துட்டேன். இந்தா, காப்பி கொண்டாரேன்!"

அவன் கை திருகின்மேல் நின்றது.

மேலே பெடல் எழும்பியது. அவன் சொல்லாமலே. மறுபடி அமுங்கியது.

"எந்த நாயிடா மேல?"

பாட்டிலுக்குள் குமிழிகள் மட்டும். கமான் பட்டைகள் மெல்ல நெரிந்தன. அடிச்சட்டம் இன்னும் ஒரு விரற்கடை அவன் நெஞ்சை நோக்கி இறங்கியது.

முதுகு சிராய்க்க வெளியே வந்தான். பயமென்று ஒப்புக்கொள்ள மனமில்லை. எவனோ எகத்தாளம் பண்ணுகிறான், இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் என்று கதவைத் திறந்தான்.

கேபின் காலி. பெடலின்மேல் ஈரச் செம்மண்.

"தூ" என்றான். ஏறி உட்கார்ந்து, தானே பெடலை மிதித்துப் பார்த்தான்.

கால் பெடலிலேயே ஒட்டி நின்றுவிட்டது.

கதவு சாத்திக்கொண்டது.

காலை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

வண்டிக்கடியிலிருந்து, சற்றுமுன் அவன் படுத்திருந்த இடத்திலிருந்து, பணிவான குரல் வந்தது.

"விடுங்க, தொரை."

கால் தானாக எழும்பியது.

"மிதிங்க, தொரை."

அமுங்கியது.

"இன்னும் காத்து இருக்கு, தொரை."

பக்கக் கண்ணாடியில் பனிக்குள்ளிருந்து காளியாயி வருவது தெரிந்தது. கையில் ஆவி பறக்கும் டம்ளர். "காளியாயி!" என்று அலறினான். கதவுக் கண்ணாடியை அறைந்தான். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நேராகப் பின் சக்கரத்துக்குப் போனாள். குனிந்தாள்.

"ஏங்க, இந்தாங்க காப்பி."

வண்டிக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. மூன்று விரல்கள் நசுங்கி ஒன்றாக ஒட்டியிருந்தன. மணிக்கட்டு பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. சிந்தாமல் டம்ளரை வாங்கிக்கொண்டது.

காளியாயி போகவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு ஈரத் தரையில் குந்தினாள். அடியில் தலையை நீட்டி, சேனாதிபதியிடம் ஒருநாளும் பேசாத நயத்தோடு, சிரித்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.