அடுத்த வீட்டுத் தொடர்பு

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தோணிதாசின் மூச்சு புதுப்பிக்கப்படும். கழுத்தெலும்புக்குக் கீழே பதித்திருந்த மூச்சுச்சீராக்கி, வீட்டு இணைய இணைப்பின் வழியாக மருத்துவமனைக் கணினியைத் தொட்டு, அடுத்த ஆறு மணி நேரத்துக்கான கட்டளையை வாங்கிக்கொள்ளும். தோலுக்கடியில் பச்சைப் புள்ளி தெரியும். காலையில் அதைப் பார்த்த பிறகுதான் அவன் மனைவி பிலோமினா பால் பாக்கெட்டைக் கத்தரிப்பாள்.

கடல் ஏறிவந்து குப்பங்களை விழுங்கிய பிறகு அரசு கட்டிக்கொடுத்த அடுக்ககம் அது. அவர்களுடைய பதினான்காம் தளத்தில் பன்னிரண்டு வீடுகள்; அவர்களுடையது கடைசி, பன்னிரண்டாவது. பாதி வீடுகளில் யாராவது ஒருவருக்கு இதயமோ சிறுநீரகமோ இப்படித்தான் ஓடியது. இணையக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக அரசின் 'இல்ல இணைப்பு உதவி' இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை புள்ளி மஞ்சளாக இருந்தது.

வாசல் பலகையில் அறிவிப்பு ஓடியது: 'ஏழு நாட்களாக இவ்வீட்டில் பயன்பாடு இல்லை. தேவை இல்லை எனக் கருதி உதவி நிறுத்தப்பட்டது. மறுவிண்ணப்பம் ஒன்பது நாட்களில் பரிசீலிக்கப்படும்.' அந்த ஏழு நாட்களும் அவர்கள் மருத்துவமனையில்தான் இருந்தார்கள், அந்தச் சீராக்கியைச் சரிபார்த்துக்கொள்ள; முந்தின இரவுதான் திரும்பியிருந்தார்கள்.

மஞ்சள் என்றால் மதியம்வரை தாங்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று பிலோமினா யோசிக்கவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இன்னாக்கா, மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்குது?" என்று கேட்டாள் சபூரா.

"லைன கட் பண்ட்டாங்க சபூரா. அவருக்கு மூச்சு..."

சபூரா உடனே உள்ளே ஓடினாள். தன் வீட்டு இணைப்பைத் திறந்துவிட்டாள். கால் மணி நேரத்தில் புள்ளி பச்சையானது. சபூராவின் மாமியாருக்கு இதயச்சீராக்கி. ஒரே இணைப்பு இரண்டு சீராக்கிகளை நெடுநாள் தாங்காது என்பதால், தளம் முழுவதும் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வேளை ஒரு வீடு, அடுத்த வேளை இன்னொரு வீடு. மறுவிண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில் ஏழு நாட்கள் ஓடின.

எட்டாம் நாள் காலை மின்தூக்கி திறந்து 'சரிபார்ப்பி' வந்து நின்றது. ஆள் உயர இயந்திரம். குரல் மிகவும் மரியாதையானது.

"இந்தத் தளத்தில் ஒரே குடும்பம்தான் வசிக்கிறது. பன்னிரண்டு அறைகளில். உங்கள் கூட்டு வருமானம் உதவி வரம்பைத் தாண்டுகிறது. மாலை நான்கு மணிக்கு எல்லா இணைப்புகளும் நிறுத்தப்படும்."

பன்னிரண்டு வீட்டாரும் நடைக்கு வந்துவிட்டார்கள்.

"ஒரே குடும்பமா?" என்று கேட்டாள் சபூரா. "அவங்க வேற, நாங்க வேறங்க. பக்கத்து வீடு, அவ்ளோதான்."

"குடும்பத்தினர் மட்டுமே இணைப்பைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று தரவுகள் சொல்கின்றன. மறுப்பு இருந்தால் உறுதிமொழி தரலாம். பொய்யுரைப்பவருக்கு உதவி நிரந்தரமாக ரத்தாகும்."

அதன் நெஞ்சில் வாசகம் ஒளிர்ந்தது: 'அடுத்த வீட்டில் வசிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது.'

எல்லோர் மணிக்கட்டிலும் அடையாளச் சில்லு இருந்தது. சரிபார்ப்பி அதன் வழியே நாடித்துடிப்பைப் படித்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். ஒன்பதாம் தளத்தில் ஒருவர் வயதைக் கூட்டிச் சொல்லிப் பிடிபட்டிருந்தார். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடந்தது.

சபூரா முன்னால் போனாள். பிலோமினாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி வாசித்தாள். "அடுத்த வீட்டில் வசிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது." குரல் தேய்ந்து காற்றாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வாசித்தார்கள்.

கடைசியாகப் பிலோமினா. உள்ளே அந்தோணிதாஸ் இருமுவது கேட்டது. மணிக்கட்டு நரம்பு துள்ளுவது அவளுக்கே தெரிந்தது. சபூரா கொடுத்தனுப்பிய கஞ்சியின் சூடு இன்னும் நாக்கில் இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

சரிபார்ப்பி அசையாமல் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏற்கப்பட்டது," என்றது. "பன்னிரண்டு குடும்பங்கள். உதவி தொடரும். பன்னிரண்டாவது வீட்டின் மறுவிண்ணப்பமும் அனுமதிக்கப்படுகிறது. எல்லோரும் உலகத்தோடு தொடர்பில் இருக்க வாழ்த்துகள்."

இயந்திரம் மின்தூக்கியில் ஏறிப் போனது. பன்னிரண்டு கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இத்தனை பொய்களில் ஒன்றுகூட எப்படிப் பிடிபடாமல் போனது என்று கேட்கக்கூட அவர்களுக்குப் பயம்.

பயந்திருக்க வேண்டியதில்லை. சரிபார்ப்பிக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கணக்கெடுப்பு ஆவணங்களை அதற்குள் ஏற்றியிருந்தார்கள். அடுத்த வீட்டில் யார் என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றேதான்: தெரியாது. ஆகவே அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்று அது முடிவு செய்திருந்தது.