மூன்றாம் பிரிவு

செவ்வாயின் அருணபுரிக் குடியேற்றத்தில், பூமிப் படையினர் யாரையாவது அடித்தால் உடனே தங்கள் பிடரியைத் தொட்டுக்கொள்வார்கள். தோலுக்கடியில் பதித்திருக்கும் பணிநிலைச் சில்லு பச்சையாக ஒளிரும். பச்சை எரிந்தால் அவர் பணியில் இருக்கிறார் என்று பொருள். பணியில் இருப்பவரை உள்ளூர்ச் சட்டம் தொடக்கூடாது. விசாரிக்கும் உரிமை அவருடைய படைத்தலைவருக்கு மட்டுமே. படைக்காப்பு உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு அப்படித்தான் சொன்னது.

இன்ஸ்பெக்டர் அங்கயற்கண்ணிக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். உணவுக்கூடத்தில் வரிசையில் முந்தினான் என்பதற்காகக் காற்றுக்குழாய் மெக்கானிக் சாந்தப்பனை ஒரு வீரன் இரும்பு நாற்காலியால் அடித்துக் கொன்றான். அவள் போய்ச் சேர்ந்தபோது மண்டை பிளந்து கிடந்தது. கொன்றவனின் பிடரியில் பச்சை எரிந்தது. எட்வின் என்ற அந்த வீரன் ரத்தத்தை மிதித்தபடி அவளைத் தாண்டி வெளியே நடந்தான்.

பத்தாம் நாள் காலை அதே எட்வின் காவல் நிலையத்துக்குள் ஓடி வந்தான். இடது காது இருந்த இடத்தில் சதை தொங்கியது. மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னான். கட்டளைக்கு உடனே பணியவில்லை என்று, படைத்தலைவர் துரைமாணிக்கம் ஒரு வீரனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தே கொன்றுவிட்டார். பார்த்தவர்கள் இருவர். ஒருவனை நேற்று கவசமில்லாமல் வெட்டவெளியில் தள்ளிவிட்டார்கள். மிச்சம் எட்வின்தான். புகார் கொடுப்பதென்றால் துரைமாணிக்கத்திடமே கொடுக்க வேண்டும்.

"என்னை உள்ள தூக்கி வைங்க மேடம்."

"உன்னைத் தொட எனக்கு அதிகாரம் இல்லையே."

வாசலில் படை வண்டி வந்து நின்றது. ஒதுங்கி நின்றால் போதும், சாந்தப்பனுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டாள்:

"சாந்தப்பனை அடிக்கும்போது பச்சை எரிஞ்சுதா?"

அவன் தலை குனிந்தான். "இல்ல. அடிச்சு முடிச்சப்புறம்தான் தொட்டேன். நான் டூட்டில இல்ல. அது கொலைதான்."

வாக்குமூலத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டு அவனை அறைக்குள் தள்ளிப் பூட்டினாள். துரைமாணிக்கத்தின் ஆட்கள் நிலையத்தின் வாசற்கதவைச் சுட்டுத் திறந்தார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். துரைமாணிக்கம் துப்பாக்கியை அவள் நெற்றியில் வைத்தார்.

"இவன் எங்க கைதி சார்," என்றாள் அவள். "டூட்டில இல்லாதப்ப கொலை செஞ்சவன். கூட்டிட்டுப் போனா உடன்படிக்கையே முறியும்."

உடன்படிக்கை முறிந்தால் படைத்தளமும் இல்லை, தலைமையும் இல்லை. துரைமாணிக்கம் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் ஓங்கி இடித்து, இரண்டு பற்களை உதிர்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆயுள் தண்டனை என்றதும் எட்வின் நீதிபதியைக் கையெடுத்துக் கும்பிட்டான். செய்தி தளத்துக்குள் பரவியது. ஒரே மாதத்தில் பத்தொன்பது வீரர்கள் காவல் நிலையத்துக்கு வந்து பழைய குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். குற்றம் எதுவும் செய்யாத ஒருவன், வாசலில் நின்ற காவலரை அறைந்துவிட்டு விலங்குக்குக் கைகளை நீட்டினான்.

பூமி கொதித்தது. அந்நிய மண்ணில் தன் வீரர்கள் இருபத்தொரு பேர் சிறையில் வாடுவதாகக் கண்டித்தது. அவர்களுக்குப் போதிய சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. மூன்றாம் பிரிவு திருத்தப்பட்டது. இனி ஒவ்வொரு வீரரும் எந்நேரமும் பணியில் இருப்பவரே. கைதிகளுக்கும் இது பொருந்தும்.

அவர்களை மீட்டுச் செல்லத் துரைமாணிக்கமே நேரில் வந்தார். அங்கயற்கண்ணி கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்தாள். எட்வினின் விரல்களைச் சிறைக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.