இரையாத கிட்டார்

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. லாரிக்காரர் சிவப்பு கிட்டாரின் வயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சுவிட்சைத் தட்டினார். சின்ன விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

“இது அவரோட கிட்டார் இல்ல” என்றாள், டீத் தட்டோடு கதவருகே நின்ற வீட்டுக்காரி.

மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவன் போன மாதம் இறந்துபோனான். இவர்கள் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள். லாரி கம்பெனி நடத்துகிறவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளராக இருக்கும் ‘சவுண்டு’ ஒருவர். எந்த கிட்டார் உசத்தி, எந்த ஆம்ப்ளிஃபயர் மட்டம் என்று இந்த அறையில் வருடக்கணக்காகத் தொண்டை வறளப் பேசியவர்கள். அவனுடைய கிட்டாரை ஒரு தடவை வாசித்துக் காட்டும்படி அவள்தான் இன்று கூப்பிட்டிருந்தாள்.

“எப்படிம்மா சொல்றீங்க? அதே கம்பெனி, அதே கலர்” என்றார் டாக்டர்.

“ட்யூப்லைட் எரியுது. இரைச்சல் வரலையே.”

சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல அதைச் சொன்னாள். அந்தப் பழைய கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள் ட்யூப்லைட் எரிந்தாலே வண்டு மாதிரி இரையும். சமையலறையில் அந்த இரைச்சல் கேட்டால் அவன் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம்.

மூலை நாற்காலியில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். இறந்தவனின் தங்கை, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். அண்ணன் போனதிலிருந்து அவள் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனாள். இரும்பு மனசு என்றார்கள். அவளுக்கு அப்படியும் தோன்றவில்லை. கை மரத்துப்போனால் அது நம் கைதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் வண்ணம் உதிர்ந்த இடம்கூட அண்ணனுடையதில் இருந்த அதே இடம்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். ஒரு கம்பியை அழுத்தினாள். உயரமாக நின்ற கம்பி விரலை அறுத்தது.

“யாரும் கிளம்பாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

“அண்ணி, அவர் போனப்புறம் அந்த ரூமுக்குள்ள யார் யார் தனியா இருந்தாங்க?”

“மூணு பேருமே. துக்கம் கேக்க வந்தாங்க, கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டுப் போறோம்னாங்க. டாக்டர் தன்னோட கிட்டாரை எடுத்துட்டுப் போனார். லாரிக்காரரும் ஏதோ பை வச்சிருந்தார். சவுண்டு ரெண்டு தடவை வந்தார். நான் யாரையும் கவனிக்கலம்மா. ஒண்ணும் மண்டையில ஏறல.”

“அண்ணன் கடைசியா எப்ப அதைத் தொட்டார்?”

“ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில. என் மடியில வச்சுப் பிடிச்சுக்கச் சொன்னார். கம்பியைத் தாங்குற இடத்துல ஏதோ சின்ன ஸ்க்ரூவா திருகினார். விரல்ல பலமே இல்ல அவருக்கு. முடிச்சிட்டு, ‘இப்ப நீகூட வாசிக்கலாம்டி’ன்னார்.”

“இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யார் கேட்டா?”

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதை இறுக்கி மூடினாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மதியமே அண்ணனுக்குத் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதன்பிறகு வாயைத் திறந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, விரலும் அசையவில்லை. கடைசிவரை கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது அவள்தான். யாரையும் உள்ளே விடவில்லை.

மணி நான்கரை. கூடத்துக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

“காணாமப் போன கிட்டாருக்கு அடையாளம் சொல்லுங்க. கையில எடுத்தா எப்படி இருக்கும்?”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “பாறாங்கல்லு கனம். அந்த மரம் இப்ப கிடைக்காது. சத்தமே மரத்துலதான் இருக்கு, உங்கண்ணனும் நானும் ஒரே கட்சி. கம்பியை மட்டும் கொடிக்கம்பி மாதிரி உசரமா வச்சிருப்பான்.”

“கடைசியா எப்ப வாசிச்சீங்க?”

“அவனுக்கு முடியாமப் போறதுக்கு முந்தின ஞாயிறு. மூணு பேருமே அன்னிக்குத்தான்.”

லாரிக்காரர் கையைப் பிசைந்தார். “நான் வாசிச்சா ரெண்டு நாளைக்கு விரல் வலிக்கும் மேடம். கொஞ்சம் கம்பியை இறக்குடான்னு கெஞ்சுவேன். முடியாதுன்னுட்டான். நான் வேணும்னா அந்தப் பையைக் கொண்டுவந்து காட்டட்டுமா? அதுல செருப்புதான் இருந்துச்சு.”

“வேண்டாம்.”

கடைசியாகச் சவுண்டு. அண்ணனோடு கல்லூரியில் படித்தவர். அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சட்டைப்பையில் எப்போதும் போல டெஸ்டர்.

“அடையாளம் சொல்லுங்கண்ணா.”

“காந்தச் சுருள்தான் தங்கச்சி அதோட உயிர். மரம் கிரம் எல்லாம் கட்டுக்கதை. அந்தச் சுருளைப் பெட்டிப் பலகையில மாட்டினாலும் அதே சத்தம்தான் வரும்னு உங்கண்ணன்கிட்ட தலையால தண்ணி குடிச்சேன். ஒத்துக்கவே மாட்டான்.”

“கையில எடுத்தா?”

“கைக்கு ரொம்ப சுகம். கம்பி பலகையோட ஒட்டினாப்ல இருக்கும். விரல் பட்டாலே போதும், பேசும்.”

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள். அவளுக்குள் எதுவும் அசையவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

ஐந்து மணிக்கு எல்லாரையும் அறைக்குள் உட்காரவைத்தாள்.

“கிட்டாரை மாத்தினது சவுண்டண்ணன்” என்றாள்.

லாரிக்காரர் பாதி எழுந்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எங்கண்ணன் கம்பியை உசரமாத்தான் வச்சிருந்தார். நீங்க ரெண்டு பேரும் அதைத்தான் சொன்னீங்க. பதிலுக்கு வச்ச இந்த கிட்டார்லயும் கம்பி உசரம். தயார் பண்ணின ஆளுக்கு அப்ப அதுதான் தெரியும். ஆனா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு, விரல்ல பலமில்லாம, அண்ணன் கம்பியை இறக்கியிருக்கார். அதைப் பிடிச்சுக்கிட்டது அண்ணி. வேற யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் அவர் பேசவும் இல்ல. கம்பி ஒட்டினாப்ல இருக்கும்னு ஒருத்தர் சொன்னா, அவர் அண்ணன் போனப்புறம் அதை வாசிச்சிருக்கணும். இந்த வீட்டுல வாசிச்சிருந்தா அந்த இரைச்சல் அண்ணி காதுல விழுந்திருக்கும்.”

சவுண்டு டெஸ்டரை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“எடுத்துட்டுப் போய் வாசிச்சப்பத்தான் கம்பி இறங்கியிருக்கிறது தெரிஞ்சுது. உங்க எல்லாருக்கும் அது தெரியும்னுதான் நினைச்சேன்” என்றார்.

“கேட்டா குடுத்திருப்பேனே” என்றாள் அண்ணி.

“பிரிக்கப்போறேன்னு சொன்னா குடுத்திருக்க மாட்டீங்க.”

“பிரிச்சிட்டீங்களா?”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அண்ணி தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

“திரும்ப மாட்ட முடியுமா?”

“முடியும்.”

“மாட்டிக் கொண்டாங்க.” அவள் காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் அவரோடு அவர் வீட்டுக்குப் போனாள். மேஜையில் கிட்டாரின் சிவப்பு உடல் கம்பிகள் இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெட்டிப் பலகை. அதில் அண்ணனின் சுருள்கள், அண்ணனின் கம்பிகள்.

“பிரிக்கிறதுக்கு முன்னாடி வாசிச்சுப் பதிவு பண்ணிட்டேன். இப்ப இது” என்று பலகையை மீட்டினார். பிறகு பதிவை ஓடவிட்டார். “கேட்டியா? ரெண்டும் ஒண்ணு. இருபது வருஷமா நான் சொன்னதுதான் சரி. ஜெயிச்சுட்டேன்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “யார்கிட்ட போய்ச் சொல்றது?”

அவளுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

“இல்லண்ணா. அண்ணன் சொன்ன மரம்தான் நல்லா இருக்கு” என்றாள்.

“என்னது?”

“பலகையில கனமே இல்ல. தகர டப்பா மாதிரி கேக்குது.”

“உனக்கு என்ன தெரியும்? காதா அது? திரும்பப் போடறேன், ஒழுங்காக் கேளு!”

“எத்தனை தடவை போட்டாலும் மரம்தான்.”

அவர் முகம் சிவந்தது. மேஜையைத் தட்டினார். உன் அண்ணனும் இப்படித்தான், குடும்பமே செவிட்டுக் குடும்பம் என்று கத்தினார். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. இந்த ஒரு மாதமாக எல்லாரும் அவளிடம் மெதுவாக, பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“போடுங்க, கேக்கறேன்” என்றாள்.