ஒரு கையெழுத்து, நாற்பது டாலர்!

ட்ர்ர்ரிங்...!

வெர்னா வாயில் இருந்த சாண்ட்விச்சை அவசரமாய் விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"வெர்னா கார்ட்ஸ்."

"டெல் ரூக்கர் பேஸ்பால் கார்டு இருக்கா?"

பெண் குரல். நடுத்தர வயது. மூச்சு வாங்கியது.

"இருக்கே! பத்து சென்ட். எத்தனை வேணும்?"

"வெறும் கார்டு வேணாம். அவன் கையெழுத்துப் போட்டது மட்டும். உங்ககிட்ட இருக்கிற அத்தனையும் வேணும். ஒண்ணுக்கு நாப்பது டாலர்."

வெர்னா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"நாலு டாலர்னு சொல்ல வந்தீங்களா மேடம்?"

"நாப்பது! சனிக்கிழமை மத்தியானம் நேர்ல வரேன். அதுக்குள்ள வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அப்புறம்... இந்த விஷயம் அவனுக்குத் தெரிய வேணாம்!"

டொக்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம், விலை மலிந்த கார்டுகள் கொட்டிக் கிடந்த பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த கஸ் நிமிர்ந்தான். ஷெரீஃப் ஆபீஸ் டிடெக்டிவ். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் கார்டு தேடுகிற ஜாதி.

"என்ன வெர்னா, வருமான வரி ஆபீஸா? முகமே சரியில்ல!"

"என் டெல்லுக்கு ஒரு ரசிகை கிளம்பியிருக்கா, கஸ்."

"பார்த்தும்மா... ஜூன்ல கல்யாணத்தை வச்சுக்கிட்டு!"

சிரித்துக்கொண்டே போனான் கஸ். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஹார்ட்வெல் என்கிற அந்தச் சின்ன ஊரில் டெல் ரூக்கரைத் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தைப் பராமரிக்கிற வேலை. ஆனால், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், 1979-ல், பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் பந்து வீசியவன். மேற்குக் கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு டீமுக்கு. மொத்தமே பதினோரு ஆட்டம். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதினோரு ஆட்டத்துக்கு மிச்சமாய், ஆட்டக்காரர் படம் போட்டு அச்சடித்து விற்கிற கார்டுகளில் அவன் பெயரில் ஒரே ஒரு கார்டு. அதிலும் கோளாறு! பெயர் டெல்லுடையது. படம் வேறு யாருடையதோ. ஒல்லியான முகம், நீளக் காது, வெட்கச் சிரிப்பு. இவனோ சதுரத் தாடைக்காரன்.

'கம்பெனிக்காரன் படத்தை மாத்திப் போட்டுட்டான்' என்பான் டெல். கார்டு உலகத்தில் இது நடக்கிற விஷயம்தான். யாரும் சந்தேகப்படவில்லை. ஊர்த் திருவிழாவிலும் வெர்னாவின் கடையிலும் உட்கார்ந்து, அந்த வேற்று முகத்தின் மேல் நீல மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். ஒரு கார்டுக்கு இரண்டு டாலர்.

போன குளிர்காலத்தில் கார்டு பத்திரிகை ஒன்று அவனைப் பற்றி நாலு வரி எழுதி, வெர்னாவின் கடைப் பெயரோடு அவன் படமும் போட்டது. பத்திரிகைக்கு எழுதிப் போட்டவளே வெர்னாதான். விவாகரத்தாகி ஒன்பது வருஷம் தனியாய் இருந்தவள். தனக்கென்று ஒருவன் கிடைத்ததை ஊருக்கெல்லாம் சொல்லவேண்டும் போல் இருந்தது.

மூன்று மணிக்கு டெல் வந்தான். பூட்ஸில் புல் ஒட்டியிருந்தது.

அவனிடம் சொல்லக் கூடாதென்றுதான் அந்தக் குரல் சொன்னது. வெர்னாவால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணுக்கு நாப்பது டாலராம் டெல்! உன் கையெழுத்துக்கு!"

டெல் சிரிக்கவில்லை.

"பேர் சொன்னாளா?"

"இல்ல."

"எங்கேயிருந்து பேசினா?"

"தெரியல. ஏன் இப்படி வெளுத்துப் போறே? யாரு அவ?"

டெல் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது.

"வெர்னா... இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. பேஸ்பால் போனப்புறம் லூசியானாவுல, கடல்ல எண்ணெய் எடுக்கிற இடத்துல வேலை பார்த்தேன். அங்க ஒரு கொலை நடந்தது. நான் பார்த்துட்டேன்."

"ஐயோ!"

"சாட்சி சொல்லப் பயந்து ஓடி வந்தவன் நான். செஞ்சவங்க இன்னும் என்னைத் தேடறாங்க. இவ அவங்க ஆளு. கையெழுத்தை வச்சு நான்தானான்னு உறுதி பண்ணிக்கப் பார்க்கறா."

"கஸ்கிட்ட சொல்லிடலாம் டெல்!"

"வேணாம்!" குரல் உயர்ந்தது. உடனே தணிந்தது. "போலீஸ்னா கோர்ட்டு, பேப்பர், போட்டோ... என் முகம் ஊரெல்லாம் வரும். அவங்களுக்கு வேலை மிச்சம். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. அவ வந்தா பேசிக்கிட்டே இரு. எனக்கு ஒரு போன் அடி. நான் வந்து பேசிக்கிறேன்."

"பேசறது மட்டும்தானே?"

"மட்டும்தான்."

அவள் தலையாட்டினாள். அடுத்த நாலு நாளும் தூக்கம் சரியாய் வரவில்லை. கடைக் கதவின் மணி ஒலித்தபோதெல்லாம் வேலையை விட்டு வாசலைப் பார்த்தாள்.

சனிக்கிழமை. பன்னிரண்டு இருபது.

மணி ஒலித்தது.

ஐம்பதைத் தொடுகிற பெண். சாயம் போன மழைக்கோட்டு. தோளில் பெரிய கைப்பை. கொலைகாரர்கள் அனுப்பிய ஆள் மாதிரி இல்லை. சர்ச்சில் கேக் விற்கிறவள் மாதிரி இருந்தாள்.

"போன் பண்ணினேனே..."

"தெரியும். உள்ளே இருக்கு, எடுத்துட்டு வரேன். உட்காருங்க."

வெர்னா பின்னறைக்குப் போய் அங்கிருந்த போனில் நம்பரைச் சுழற்றினாள்.

"டெல்... வந்துட்டா!"

"தனியாவா?"

"தனியாத்தான்."

"பத்து நிமிஷம். விட்டுடாதே!"

வெர்னா திரும்பி வந்தாள். வாசல் பலகையை 'மூடியிருக்கிறது' பக்கம் திருப்பினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

"கார்டு எங்கேம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"கார்டு இருக்கட்டும். நீங்க யாரு? யாரு அனுப்பினா உங்களை? அந்த மனுஷன் பாட்டுக்குப் புல்லு வெட்டிப் பொழைச்சிக்கிட்டிருக்கான். அவனை நிம்மதியா இருக்க விட மாட்டீங்களா?"

அந்தப் பெண் வெர்னாவை உற்றுப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. அது வெர்னாவைக் குத்தியது.

"நீங்க அவனைக் கட்டிக்கப் போறவங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"என் பேர் நோரீன். ஒரு போட்டோவும் ஒரு லெட்டரும் இருக்கு. பார்த்துட்டு என்னை வெளிய போகச் சொல்லுங்க. போயிடறேன்."

கைப்பையைத் திறந்தாள்.

வெர்னா போட்டோவைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி எழுதியிருந்ததைப் படித்தாள். கடிதத்தைப் பிரித்தாள். எட்டே வரிகள்.



வெர்னா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடவுளே... நான் போன் பண்ணிட்டேனே!"

"யாருக்கு?"

பதில் சொல்ல நேரமில்லை. வெர்னா போனைப் பாய்ந்து எடுத்து, கஸ்ஸின் கார் போன் நம்பரைச் சுழற்றினாள்.

"கஸ்! வெர்னா பேசறேன். உடனே கடைக்கு வா! துப்பாக்கியோட வா!" கேட்டதற்கெல்லாம் நாலே வாக்கியத்தில் பதில் சொன்னாள்.

"ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கேன் வெர்னா. கால் மணி நேரம் ஆகும். தள்ளிப் போடு. எதையாவது பேசித் தள்ளிப் போடு!"

வெளியே பிக்கப் வண்டி பிரேக் போடுகிற சத்தம்.

பின்வாசல் கார்டுப் பெட்டிகளால் அடைபட்டுக் கிடந்தது. நோரீனைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் வெர்னா. அவளுடைய கைப்பையைக் கவுண்டருக்கு அடியில் உதைத்தாள். முன்கதவைத் திறந்தாள்.

டெல் உள்ளே வந்தான். ஜாக்கெட்டின் வலது பாக்கெட் கனமாய்த் தொங்கியது.

"எங்கே அவ?"

"பேங்க்குக்குப் போயிருக்கா." தன் குரல் தனக்கே யாருடையதோ போல் கேட்டது. "அம்பது கார்டு வேணுமாம். ரெண்டாயிரம் டாலர். கையில அவ்வளவு இல்லையாம்."

"விட்டுடாதேன்னேனே!"

"கட்டியா வைக்க முடியும்? திரும்பி வருவா டெல். கார்டு தயாரா இருந்தாத்தான் அவளுக்குச் சந்தேகம் வராது. என்கிட்ட கையெழுத்துப் போட்டது ஒம்பதுதான் இருக்கு. மிச்சத்துல போட்டு வையேன்."

டெல் ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கவுண்டரில் அவள் அடுக்கிய கார்டுகளைப் பார்த்தான்.

"அம்பதா கேட்டா?"

"அம்பது."

அவன் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தபோதுதான் வெர்னாவுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

உட்கார்ந்தான். பேனா மூடியைக் கழற்றினான்.

ஒன்று... இரண்டு... மூன்று...

வெட்கச் சிரிப்பின் மேல் நீல மை ஓடியது. மறுபடியும். மறுபடியும்.

"ஏன் கார்டையெல்லாம் கோணலா வைக்கறே?" நிமிராமலே கேட்டான்.

"பயமா இருக்கு டெல்."

"நான் இருக்கேன்ல?"

அவள் அடுத்த கார்டை நகர்த்தினாள். போன மாதம் இதே கவுண்டரில்தான் மோதிரத்தை அவள் விரலில் போட்டான். வெர்னா அழுதாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது நிஜமா? அவளால் இப்போது தீர்மானிக்க முடியவில்லை.

இருபத்தெட்டு... இருபத்தொன்பது...

பின்னறையில் ஒரு இருமல்.

பேனா நின்றது.

"யாரு உள்ளே?"

"பூனை..."

"பூனை இருமாது வெர்னா."

எழுந்தான். பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். ஜாக்கெட் பாக்கெட்டிலிருந்து ரிவால்வர் வெளியே வந்தது. அவள் குறுக்கே பாய்ந்து கதவை மறைத்து நின்றாள்.

"பேசறது மட்டும்தான்னு சொன்னியே!"

"நகரு."

"மாட்டேன்!"

"வெர்னா... உன்னைச் சுடணும்னு எனக்கு ஆசையா?"

"உன்னைப் போன் பண்ணிக் கூப்பிட்டதே நான்தானே! அந்தப் பொம்பளையைக் கொன்னுட்டு, ஜூன்ல என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

அவன் தாடை இறுகியது. ரிவால்வர் அவள் நெஞ்சுக்கு நேராய் உயர்ந்தது...

முன்கதவின் மணி ஒலித்தது!

"துப்பாக்கியைக் கீழே போடு!" வாசலில் கஸ். இரண்டு கையாலும் குறி பார்த்தபடி. "கையைத் தூக்கு... வேய்ன்!"

வேய்ன்!

அந்தப் பெயரைக் கேட்டதும் டெல்லாய் இருந்தவன் முகம் சரிந்தது. பதினோரு வருஷமாய் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ரிவால்வர் தரையில் விழுந்து உருண்டது.

கஸ் விலங்கை மாட்டினான். பின்னறைக் கதவு திறந்தது. நோரீன் வெளியே வந்தாள். கையில் அந்தப் போட்டோ.

கடலில் ஒரு எண்ணெய் மேடை. தோளில் கை போட்டபடி இரண்டு பேர். ஒருவன் சதுரத் தாடை. இன்னொருவன் ஒல்லி முகம், நீளக் காது, வெட்கச் சிரிப்பு... கார்டில் இருந்தவன்! பின்னால், 'நானும் வேய்னும். உன் தம்பி டெல்.'

"அப்பாவோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனான் என் தம்பி," என்றாள் நோரீன். "எண்பதுல கடைசி லெட்டர். 'ரூம்ல வேய்ன் டிட்மர்னு ஒருத்தன் இருக்கான் அக்கா. நான் விளையாடின கதையைத் தினமும் திரும்பத் திரும்பக் கேக்கறான்'னு எழுதியிருந்தான். அப்புறம் ஒரு தகவலும் இல்ல. இந்த ஜனவரியில பல் டாக்டர் கிளினிக்குல கிடந்த ஒரு கார்டு பத்திரிகையைப் புரட்டறேன்... டெல் ரூக்கர்னு போட்டு இவன் நிக்கறான்! கையில என் தம்பி கார்டு!"

"போலீஸுக்குப் போகலையா?" என்றான் கஸ்.

"லூசியானாவுக்கு எழுதினேன். அந்த வருஷம் கரை ஒதுங்கின பேர் தெரியாத பிணம் மூணு இருக்காம். ஆதாரம் கொண்டு வான்னாங்க. இவன் கையெழுத்தையும் தம்பி லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டணும்னு நினைச்சேன்."

"அதுக்கு ஒரு கார்டு போதுமே. எதுக்கு அத்தனையும்?" என்று கேட்டாள் வெர்னா.

நோரீன் கவுண்டரில் கிடந்த இருபத்தொன்பதையும் பார்த்தாள்.

"என் தம்பி முகத்து மேலயே கிறுக்கி வித்திருக்கான். அதுல ஒண்ணுகூட யார் கையிலயும் இருக்கக் கூடாதும்மா."



"பொய்!" என்றான் வேய்ன். குரலில் பலம் இல்லை. "வெர்னா, உனக்குத் தெரியும். அது அச்சுக் கோளாறு! கார்டுல படம் மாறிப் போச்சு!"

வெர்னா மோதிரத்தைக் கழற்றிக் கார்டுகளின் பக்கத்தில் வைத்தாள்.

"கார்டுல ஒரு தப்பும் இல்ல. மாறிப் போனது ஆளு."

"நான் கொல்லல வெர்னா... குடிச்சிருந்தோம், சண்டை வந்தது, தள்ளினேன்... அவ்வளவுதான்!"

"அந்த டெல் ரூக்கர் நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை யாரும் தேடியே இருக்க மாட்டாங்களே?"

வேய்ன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த ஊருக்கு வந்த மொத வாரம், அவன் லைசென்ஸைக் காட்டி வேலை கேட்டேன்... ஒருத்தர் கேட்டார், 'நீங்க அந்த ரூக்கரா'ன்னு. என்கிட்ட அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெர்னா அழுதாள். சத்தமில்லாமல், நின்றபடியே. நோரீன்தான் அருகில் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

கஸ் வேய்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். பேனா அவன் சட்டைப் பையிலேயே செருகியிருப்பதைப் பார்த்து அதைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"அதை விட்டுடு கஸ்," என்றாள் வெர்னா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வாக்குமூலத்துல இன்னும் ஒரு கையெழுத்து போடணும்ல... அதை மட்டும் சொந்தப் பேர்ல போடட்டும்!"